பழைய காருக்கு பில்லர் டிரிம், கிளிப், சீட் பெல்ட்: எதைப் பழசில் வாங்கலாம்?

கேள்வி (நாலுகதவு)

வணக்கம். 1999 மாடல் ஹேட்ச்பேக். கம்பெனி இந்த மாடலை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. டிரைவர் பக்க பி-பில்லரின் (முன், பின் கதவுக்கு நடுவிலுள்ள தூண்) கீழ் டிரிமில், அதாவது அதை மூடுற பிளாஸ்டிக் உறையில், கிளிப் உட்காரும் காது ரெண்டும் உடைஞ்சிருக்கு. கிளிப்பும் ஏழெட்டு இல்லை. அதே பக்கத்து சீட் பெல்ட் மெதுவாத்தான் சுருளுது, பட்டையின் ஓரத்தில் நூல் பிரிஞ்சிருக்கு. பக்கிளில் செருகுற நாக்கு கீழே சரியாம நிறுத்துற சின்ன பட்டனும் விழுந்துடுச்சு.

பிரிச்ச வண்டியில இருந்து டிரிமும் பெல்ட்டும் சேர்ந்த செட் ஒண்ணு கிடைக்குது. அடுத்து வந்த மாடலோடது. அந்த பெல்ட்டில் மஞ்சள் கனெக்டர் ஒண்ணு தொங்குது, என் வண்டியில அப்படி எதுவும் இல்லை. போல்ட் துளை பொருந்துது. போடலாமா?

பதில் (ஸ்பேனர்12)

டிரிமை வாங்குங்க, பெல்ட்டை விட்டுடுங்க.

மஞ்சள் கனெக்டர் இருந்தா அது பிரிடென்ஷனர் உள்ள பெல்ட். விபத்து நேரத்தில் பட்டையை இழுத்துப் பிடிக்க உள்ளே சின்ன வெடிமருந்து இருக்கும். உங்க வண்டியில அதை இயக்குற கன்ட்ரோல் யூனிட் கிடையாது, அதனால அது வேலை செய்யாது. ஆனா மருந்து மட்டும் உயிரோட உட்கார்ந்திருக்கும். மல்டிமீட்டர் வச்சு அந்தக் கனெக்டரைச் சோதிக்கவே கூடாது, மீட்டரின் மின்னோட்டமே அதைத் தூண்டிவிடலாம்.

பிரிடென்ஷனர் இல்லாத பழைய பெல்ட்டும் வேண்டாம். பிரிச்ச வண்டி பெரும்பாலும் அடிபட்ட வண்டி. ஒருமுறை பலமா இழுபட்ட பட்டை பார்க்க நல்லாவே இருக்கும். தோள் பக்க வளையத்தில் பிளாஸ்டிக் உருகித் தேய்ஞ்ச கோடு, நாக்கின் பிளாஸ்டிக்கில் பட்டை அழுந்தின தடம், பட்டையில் ஒரு இடம் மட்டும் பளபளப்பா இருக்கிறது, இதெல்லாம் சுமை ஏறினதற்கான அடையாளம். சில பெல்ட்டில் கீழ் முனைக்குப் பக்கத்தில் பட்டையை மடிச்சுத் தைச்சிருப்பாங்க. அந்தத் தையல் விட்டிருந்தா விபத்தில் இழுபட்டதுன்னு அர்த்தம்.

உங்க பட்டையில் நூல் பிரிஞ்சாச்சு, அதனால மொத்தமா மாத்தணும். தையல் போட்டுச் சரிசெய்ய முடியாது. அந்த நெசவே தான் பலம்.

புதுசு வாங்கும்போது உங்க பழைய லேபிளைப் பாருங்க. ஐ.நா. ஒழுங்குமுறை 16-ன்படி செஞ்சதா இருந்தா, ஏ-ன்னா மூணு புள்ளி பெல்ட், ஆர்-ன்னா ரிட்ராக்டர் (பட்டையைச் சுருட்டுற பெட்டி), 4-ன்னா அவசரத்தில் பூட்டிக்கிற வகை, எம்-ன்னா வண்டியின் வேகக் குறைவு, பட்டையின் இழுப்பு ரெண்டையும் உணர்றது. 4-க்குப் பின்னால ‘என்’ (N) எழுத்து இருந்தா அது இன்னும் பலமான வேகக் குறைவில்தான் பூட்டுற ரகம். 4 சுமார் 0.45 ஜி-யில் (ஜி-ன்னா புவியீர்ப்பு முடுக்கம்) பூட்டணும், 4என் 0.85 ஜி-யில். காரில் 4 இருந்த இடத்தில் 4என் போடாதீங்க.

போல்ட் பெரும்பாலான கார்களில் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 இழை. பார்க்க எம்12 (12 மில்லிமீட்டர் போல்ட்) மாதிரியே இருக்கும். எம்12-ஐ வலுக்கட்டாயமா முறுக்கினா பில்லருக்குள்ளே உள்ள நட்டின் இழை போச்சு. பழைய போல்ட்டையே எடுத்து வச்சுக்கோங்க. வாஷர், புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கிற குழல்) இருந்த வரிசையைக் கழற்றும்போதே படம் எடுங்க. இறுக்கின பிறகும் தோள் வளையத்தின் இரும்புத் தகடு கையால் சுழலணும். சுழலாட்டி புஷ் மாறிப்போச்சு.

பதில் (உள்கூடு)

டிரிம் பக்கம் நான் சொல்றேன்.

முதல்ல பின்புறத்தைத் திருப்பிப் பாருங்க. பாக எண் அச்சா இருக்கும். கடைசி ரெண்டு மூணு எழுத்து பெரும்பாலும் நிறக் குறியீடு. அதை விட்டுட்டு முன் எண்ணை மட்டும் வச்சுத் தேடினா, வேற நிறத்திலாவது கிடைக்கும். நிறத்தை வினைல் பெயின்ட் அடிச்சு மாத்திக்கலாம். இடது, வலது எண் வேற வேற. அதே தளத்தில் வந்த சகோதர மாடல்களையும் பாருங்க.

எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக்கின் பெயர் இருக்கும். ஏபிஎஸ்-ன்னு இருந்தா காதை ஒட்டலாம்: ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் கரைச்சுக் கூழாக்கி ரெண்டு பக்கமும் தடவி, ஒரு நாள் அசையாம விடுங்க. பிபி (பாலிபுரொப்பிலீன்)-ன்னு இருந்தா எந்தச் சூப்பர் குளூவும் நிக்காது. பிபி கம்பி வச்சுச் சூடேற்றி வெல்டு பண்ணணும், பின்பக்கம் மெல்லிய எஃகு வலையைப் புதைச்சா உறுதி.

கிளிப்புக்கு மாடல் பெயர் சொல்லிக் கேட்கிறது பாதி நேரம் வீண். நாலு அளவைக் காலிப்பர் வச்சு எடுங்க: தகட்டுத் துளையின் விட்டம், கிளிப் தலையின் விட்டம், தண்டின் நீளம், டிரிமின் காதுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள தடிமன். துளை அரை மில்லிமீட்டர் பெருசா இருந்தாக்கூட கிளிப் குலுங்கிச் சத்தம் வரும். தேவையைவிட நாலஞ்சு அதிகமா வாங்குங்க. பழைய நைலான் காய்ஞ்சு நொறுங்கும், கழற்றும்போது இன்னும் சில உடையும்னு வச்சுக்கோங்க. ஹேர் டிரையரால் டிரிமை மிதமாச் சூடாக்கி, பிளாஸ்டிக் நெம்புகோலை கிளிப்புக்கு நேரா பக்கத்தில் விடுங்க. நடுவில் இழுத்தா காது தான் போகும்.

பதில் (ஸ்பேனர்12)

பட்டன் பத்தி விட்டுப்போச்சு. புது பெல்ட்டில் அது வந்துடும். மத்த சீட்டில் விழுந்திருந்தா, பழைய துளையிலேயே ரெண்டு துண்டு பட்டனை அழுத்திப் பூட்டுங்க. சூட்டு ஊசியால் புதுத் துளை போடாதீங்க, பாலியெஸ்டர் இழை உருகி அறுந்துடும்.

மத்த பெல்ட் மெதுவாச் சுருண்டா உடனே ரிட்ராக்டரைக் குறை சொல்லவேண்டாம். தோள் வளையத்தில் பட்டை உரசும் இடத்தில் மெழுகு மாதிரி கறுப்பு அழுக்கு படிஞ்சிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துணியால் துடைங்க. பட்டையை முழுசா இழுத்து கிளாம்ப் போட்டு, மிதமான சோப்பு நீரில் கழுவி, முழுசாக் காயவச்ச பிறகு விடுங்க. எண்ணெய், சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம்.

கேள்வி (நாலுகதவு)

நன்றி, பெல்ட் செட்டை விட்டாச்சு. லேபிளில் 4எம். புதுசா பொது ரக பெல்ட் ஒண்ணு இருக்கு. என் வண்டியில ரிட்ராக்டர் நேரா இல்லாம பின்பக்கமாச் சாய்ஞ்சிருக்கு. பிரச்சினை வருமா?

பதில் (ஸ்பேனர்12)

வரும். உள்ளே ஒரு சின்ன எஃகு உருண்டை கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும், அது உருண்டா பூட்டும். ஒழுங்குமுறைப்படி, பொருத்தவேண்டிய நிலையிலிருந்து 12 டிகிரி வரை சாய்ஞ்சாலும் பூட்டக் கூடாது, 27 டிகிரிக்கு மேல போனா பூட்டணும். நேரா நிக்கச் செஞ்ச ரிட்ராக்டரை 20 டிகிரி சாய்ச்சு வச்சா பட்டை வெளியே வராமலே போகலாம், மேடேறும்போது இறுகவும் செய்யும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பழையது இருக்கும்போதே முன்-பின், பக்கவாட்டு ரெண்டு கோணத்தையும் அளந்து வைங்க. அந்தக் கோணத்துக்குன்னு செஞ்சதையோ, கோணம் மாத்தும் வசதியோட வர்றதையோ வாங்குங்க. பக்கிளும் அதே தயாரிப்பாளரோடதா, ஜோடியா வாங்குங்க. வேற நாக்கு உள்ளே போய் ‘கிளிக்’னு சத்தம் கேட்டாலும் முழுசாப் பூட்டியிருக்காது.

மாட்டினதும் பட்டையை வெடுக்குனு இழுங்க, பூட்டணும். பிறகு ஆளில்லாத இடத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் கையை ஸ்டியரிங்கில் தாங்கலா வச்சுக்கிட்டு அழுத்தி பிரேக் பிடிங்க. அப்பவும் பூட்டணும். முதல் சோதனையில் பூட்டி ரெண்டாவதில் பூட்டலைன்னா உருண்டையின் கோணம் தப்பு, திரும்பக் கழற்றுங்க.