மடத்துத் தூண்களைக் கழற்றி வைத்தால் திரும்பப் பூட்டுவார்களா?

முள்ளியவளையான்:
எங்கள் கோயிலடியில் பழைய மடம் ஒன்று நிற்கிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், முதிரை மரத் தூண்கள், ஓட்டுக் கூரை. 2009இல் ஷெல் விழுந்து மேற்குப் பக்கக் கூரை போய்விட்டது. தூண்கள் அசையவில்லை, ஒன்றில் மட்டும் சன்னம் பாய்ந்த துளை, பெருவிரல் நுழையும். இப்போது நிர்வாக சபை மடத்தை இடித்துவிட்டு மாடிக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறது. தூண்களைக் கழற்றி வைத்து, பிறகு புது வாசலில் பூட்டுவார்களாம். மண்டபம் தேவைதான். மாரி மழையில் கல்யாணம் வைக்கும் வீட்டார் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் கழற்றியது திரும்பி வருமா? பெல்ஜியத்தில் இருக்கும் உறவுகள் சொல்லுங்கள், அங்கே பழைய நகரங்களைப் பேணுகிறார்களாமே.

பிரசல்ஸ் அண்ணை:
தம்பி, இங்கே பேணியதும் உண்டு, இடித்ததும் உண்டு. பிரசல்ஸில் கட்டடக் கலைஞர் விக்டர் ஓர்த்தா தொழிலாளர் கட்சிக்காக இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய மக்கள் இல்லம் 1899இல் திறக்கப்பட்டது. வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள் மன்றாடியும் கேளாமல் 1965இல் அதை இடித்தார்கள். அந்த இடத்தில் இன்று 26 மாடிக் கட்டடம். வேறிடத்தில் பூட்டலாம் என்று சொல்லித்தான் பாகங்களைக் கழற்றினார்கள். இல்லம் மீண்டும் எழவே இல்லை. இரும்பு துருப்பிடித்தது, களவும் போனது. மிஞ்சிய சிலவற்றை அன்ட்வெர்ப்பில் ஒரு கபேயில் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வாக்கை நம்பாதீர்கள்.
கெந்த் நகரைப் பாருங்கள். மணிக்கோபுரத்துக்கும் புனித நிக்கலஸ் தேவாலயத்துக்கும் இடையில், முன்பு வாகனம் நிறுத்திய வெளியில், 2012இல் புது மண்டபம் கட்டினார்கள். பழையது எதையும் தொடவில்லை. உங்கள் கோயில் வளவில் வேறு வெறுங்காணி இல்லையா?

கிளிநொச்சி வாசகி:
பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் பழைய துணி வணிக மண்டபம் முதல் உலகப் போரில் நொறுங்கியது. இடிபாட்டை நினைவுச் சின்னமாக விடச் சொன்னார் பிரித்தானிய அரசியல்வாதி சேர்ச்சில். ஊரார் உடன்படவில்லை, திரும்பக் கட்டி 1967இல் முடித்தார்கள். போருக்கு முன்பே அதைத் திருத்திய கட்டடக் கலைஞர் கூமான்ஸ்தான் மீள்கட்டுமானத்துக்கும் பொறுப்பு. மூலைமுடுக்கெல்லாம் அறிந்த மனிதர். எங்கள் ஊரில் போரில் விழுந்த தண்ணீர்த் தாங்கியைக் காட்சிக்கு வைத்தபோது எங்களை யார் கேட்டார்கள்? மடம் உங்கள் கையில் இருக்கிறது, அண்ணா. முதலில் அளவெடுங்கள்.

ஒட்டுசுட்டான் மேசன்:
சுவருக்குச் சீமெந்து பூச விடாதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டுச் சாந்து உதிரும். தூணின் கால் கல்லில் நிற்கிறதா, மண்ணிலா? மண் என்றால் கறையானைப் பாருங்கள்.

முள்ளியவளையான்:
கல்லில்தான் நிற்கிறது. கிணற்றடிக்குப் பின்னால் காணியும் உண்டு, சபையில் அதைச் சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கிறோம். படம் வரையத் தெரிந்தவர் யாராவது மாங்குளம் பக்கம் இருந்தால் வாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.