ஒரே காப்பிக்கொட்டை: ஒரு கருவியில் 194, இன்னொன்றில் 195. ஏன்?

நாகலூர்ப்பெண்:
சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா வேலை பார்க்கும் ஏற்காட்டுத் தோட்டத்துப் பச்சைக் காப்பிக்கொட்டையைத்தான் ப்ராஜெக்டுக்கு எடுத்தேன். வெந்நீரில் வடித்து, டைக்குளோரோமீத்தேனில் குலுக்கிப் பிரித்து, ஆவியாக்கிப் பிரித்து மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் ஜி.சி.எம்.எஸ். கருவிக்குக் கொடுத்தேன். கஃபீன் அதன் மூலக்கூறு எடையான 194இல் வந்தது. கூடவே 109, 67, 55. காப்பிக்கொட்டையில் இருக்க வேண்டிய குளோரோஜெனிக் அமிலம் (எடை 354) மருந்துக்குக்கூட இல்லை. வெந்நீர்ச் சாற்றை வேறோர் ஆய்வகத்தில் எலக்ட்ரோஸ்பிரே கருவியில், நேர்மின் அயனிகளைக் காட்டும் பாசிட்டிவ் மோடில் பார்த்தால் கஃபீன் 195. பக்கத்தில் 217இல் ஏதோ அசுத்தம். 109, 67 எதையும் காணோம். கேட்டதற்குக் கருவி பழையது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வைவாவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது.

ஆத்தூர்_மாணவன்:
மால்டியில் (லேசர் அடித்து அயனியாக்கும் முறை) பாருங்கள் அக்கா, எல்லாம் வரும்.

செவ்வாய்ப்பேட்டை:
தம்பி, மால்டியில் மாதிரியோடு கலக்கும் மேட்ரிக்ஸின் பீக்குகளே 500க்குக் கீழே மொய்த்துக் கிடக்கும். அந்தக் கூட்டத்தில் 194ஐ எங்கே தேடுவது? புரதம் என்றால் மால்டியைச் சொல்லுங்கள்.

அம்மணி, இரண்டு கருவிகளும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. ஜி.சி.எம்.எஸ்.ஸில் ஆவியாகி வந்த மூலக்கூறின் மேல் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு எலக்ட்ரான்கள் மோதுகின்றன. அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்துப்போகிறது. அதன் எடை கணக்கிலேயே வராது, அதனால் 194 அப்படியே நிற்கிறது. மிச்ச ஆற்றல் மூலக்கூறை உடைக்கிறது. 109, 67, 55 அந்தச் சில்லுகள். எல்லோரும் அதே 70இல் அடிப்பதால்தான் சில்லுகளை ஏற்கெனவே பதிவான சில்லுகளின் தொகுப்போடு (நூலகம்) ஒப்பிட்டுப் பெயர் சொல்ல முடிகிறது.

எலக்ட்ரோஸ்பிரே அப்படி அடிக்காது. ஊசி முனையில் மூவாயிரம், நாலாயிரம் வோல்ட் கொடுத்துக் கரைசலைச் சாரலாக்கும். துளி காயக் காயச் சுருங்கும். மின்னூட்டம் நெருக்கியடித்துத் துளி சிதறும். கடைசியில் கஃபீன் ஒரு புரோட்டானை ஒட்டிக்கொண்டு முழுதாக வெளியே வரும்: 195. இதற்குத்தான் அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஃபென்னுக்கு 2002இல் நோபல் கிடைத்தது, எண்பத்தைந்து வயதில். புரோட்டானுக்குப் பதில் சோடியம் ஒட்டினால் 194+23. உங்கள் 217 அசுத்தமே இல்லை, அதுவும் கஃபீன்தான். கண்ணாடிக் குப்பியிலிருந்தே சோடியம் வந்துவிடும்.

குளோரோஜெனிக் அமிலம் தொலைந்தது உங்கள் கையால். அது நீரை விட்டு டைக்குளோரோமீத்தேனுக்குப் போகாது, நீங்கள் ஜி.சி.க்கு அனுப்பியதில் அது இருந்திருக்கவே வாய்ப்பில்லை. இருந்திருந்தாலும் ஆவியாவதற்கு முன்பே சூட்டில் சிதைந்திருக்கும். எளிதில் ஆவியாகும்படி சிலைல் தொகுதியை அதன்மேல் ஏற்றி ஜி.சி.யில் ஓட்டலாம்; ஒன்பது நாளில் வேண்டாம். வெந்நீர்ச் சாற்றையே வடிகட்டி, நீர்க்கச் செய்து, எலக்ட்ரோஸ்பிரேயில் எதிர்மின் அயனிகளைக் காட்டும் நெகட்டிவ் மோடில் கொடுங்கள். அமிலம் புரோட்டானை இழந்து 353இல் வரும், உடைத்தால் 191. கஃபீனிடம் இழக்கப் புரோட்டான் இல்லாததால் அங்கே காணாமல் போகும், பதற வேண்டாம்.

பாஸ்பேட் பஃபர் மட்டும் கூடாது. ஒருமுறை யாரோ சொல்லாமல் கொடுத்த மாதிரியை ஏற்றிவிட்டு, கருவியின் நுழைவாய்க் கூம்பில் உப்பு பாறையாகப் படிந்து, இரண்டு நாள் கழுவிக்கொண்டிருந்தேன். மாதிரி கொடுத்தவர் வந்து, ரிசல்ட் ஏன் தாமதம் என்று என்னிடமே கேட்டார். பஃபருக்குப் பதில் ஃபார்மிக் அமிலம் 0.1 சதவீதம் போதும்.

நாகலூர்ப்பெண்:
ஐயா, 353 வந்துவிட்டது! ஆனால் வேறு வேறு நிமிடங்களில் மூன்று முறை வருகிறது. இதுவும் சோடியமா?

செவ்வாய்ப்பேட்டை:
சோடியம் என்றால் எடை மாறியிருக்குமே. குயினிக் அமிலத்தின் 3, 4, 5 ஆகிய இடங்களில் காஃபியிக் அமிலம் ஒட்டிய மூன்று உடன்பிறப்புகள் அவை. எடை ஒன்றுதான். பச்சைக் கொட்டையில் பெரிய பீக் பெரும்பாலும் 5ஆம் இடத்துக்காரர். உடைத்துப் பாருங்கள்: 4ஆம் இடத்துக்காரருக்கு 173 ஓங்கி நிற்கும். வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.