கிசான் பட்டியலைப் போட்டது தப்பா?

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு மத்திய அரசு வருடம் 6,000 ரூபாய் தருகிறதே, அந்த பி.எம். கிசான் திட்டத்தில் பணம் வாங்கும் நம்ம ஊர்க்காரர் பட்டியலைப் போன வாரம் இந்தக் குழுவில் போட்டது நான்தான். "சொந்தக்காரங்க பேரைச் சந்தி சிரிக்க வைக்கிறீங்களே அண்ணே" என்று கத்தார் தம்பி வருத்தப்பட்டிருந்தார். கோபம் புரிகிறது. ஆனால் அது ஒன்றும் ரகசியமில்லை தம்பி. திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தட்டினால் யாருக்கும் வரும்.

இதே சண்டை நான் இருக்கும் ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விவசாய மானியம் வாங்குபவர்களின் பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் இணையத்தில் போட்டார்கள். இங்குள்ள விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சிறியவர், பெரியவர் என்று பார்க்காமல் தனிமனிதர் எல்லோர் பெயரையும் போடுவது அதிகப்படி என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில வருடம் தனிநபர் பெயர்கள் மறைந்தன. 2013இல் விதியை மாற்றி எழுதி, 2015இலிருந்து மறுபடி போடுகிறார்கள். 1,250 யூரோ வரை வாங்குபவருக்கு மட்டும் பெயர் வராது. அந்த அளவுகோலை வைத்தால் நம் 6,000 ரூபாய்க்கு ஒரு பெயர்கூட வெளியே வரக்கூடாது. தம்பி கட்சிக்கு இது நல்ல பாயிண்ட், நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆனால் நம் பக்கத்தில் பட்டியலைப் போட மோசடி என்ற காரணம் இருக்கிறது. அங்கே ஆளுக்குப் போகும் தொகை சின்னது, தலைகள்தான் அதிகம். 2020 ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் மட்டும் தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேர் கணக்கில் 110 கோடி ரூபாய் போனது. வேளாண் அலுவலகங்களின் கடவுச்சொல் வெளியே போய், கம்ப்யூட்டர் சென்டர்களில் உட்கார்ந்து பெயர் ஏற்றினார்கள். கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதார் நகல் வாங்கிய கதையும் உண்டு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம்தான் நாறியது. அன்றைக்கே பட்டியலை ஊரில் படித்திருந்தால், யாருக்கு எத்தனை காணி என்பது டீக்கடைப் பெஞ்சுக்கே மனப்பாடமாயிற்றே, ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள்.

சரி, என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா 2020 கடைசியில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் நான்கு தவணை, எட்டாயிரம் ரூபாய், அவர் கணக்கில் விழுந்திருக்கிறது. பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்தது. பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றியிருந்தால் அம்மா முறைப்படி விண்ணப்பித்திருக்கலாம். சோம்பல், வேறென்ன. என் பெயருக்கு மாற்றினாலோ ஒரு பைசா வரக்கூடாது. வெளிநாட்டில் குடியிருப்பவர், வருமான வரி கட்டுபவர், மாதம் பத்தாயிரமும் அதற்கு மேலும் பென்ஷன் வாங்குபவர் (கடைநிலை ஊழியராக இருந்தவர் தவிர) யாருக்கும் இது கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. நான் போட்ட பட்டியலில் இந்தக் குழுவில் இருப்பவர்கள் ஏழு பேரை எனக்கே அடையாளம் தெரிகிறது. தம்பிக்கு எரிச்சல் வந்தது இதனால்தானோ என்று ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டியலில் இல்லாத பெயர்தான் என்னை உறுத்துகிறது. எங்கள் ஒன்றரைக் காணியைப் பதினாறு வருடமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. நிலம் யார் பெயரில் என்பதுதான் கணக்கு, உழுகிறவர் யார் என்பதல்ல.

அதே இணையதளத்தில், வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கவும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டவும் வழி இருக்கிறது. எப்படிச் செய்வது என்று கேட்பவருக்குத் தனி மடலில் சொல்கிறேன். அப்பா கணக்கில் வந்த எட்டாயிரத்தை இந்த வாரம் கட்டுகிறேன்.

பட்டியலை இங்கே இனி போடவில்லை, தம்பி சொன்னதற்காக. ஆகஸ்ட் 15 கிராமசபையில் படிக்கச் சொல்லி ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு அச்செடுத்துக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அதற்குள் பெயரை எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மேலத்தெரு, இப்போது ஹெஸ்ஸன்