குழி அச்சுல இருக்கிற முகம் எப்படி நம்மையே திரும்பிப் பாக்குது?

பொம்மைப்பட்டறை, கும்பகோணம்:
மாமனார் காலத்துலேர்ந்து எங்களுக்கு கொலு பொம்மை வேலை. பழைய பிளாஸ்டர் அச்செல்லாம் பட்டறைச் சுவத்துல மாட்டியிருக்கும். அதுல ஒரு அம்மன் முகம், முறம் அகலம். அச்சுதானே, மூக்கு இருக்க வேண்டிய இடத்துல பள்ளம். ஆனா வாசப்படியிலேர்ந்து பாத்தா முகம் புடைச்சு வெளிய வந்து நிக்குது! நான் மண்ணு எடுக்க இந்தப் பக்கம் போனா அதுவும் கூடவே திரும்புது. கிட்டப் போனா பழையபடி பள்ளம். வருஷாவருஷம் அதுல மண்ணை அமுக்கி எடுக்குறவளே நான், எனக்கே இப்படித் தெரியலாமா?

சின்னவ, "அம்மா, அது முறைக்குது"ன்னு லைட் போட்ட பிறகு உள்ளயே வரமாட்டேங்கிறா. பொம்மையா எடுத்தா சிரிச்ச முகம்ங்க அது. அச்சை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸப்புல போட்டா, "இந்த பொம்மை என்ன விலை"ங்கிறாங்க. மாமியாரைக் கேட்டா, "அம்பாள் பாக்குறா, நீ வேலையப் பாரு." விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கண்ணாடிக்கடை, திருவாரூர்:
அக்கா, கண்ணுல கோளாறு இல்ல. மூளைக்குத்தான் பிடிவாதம். பொறந்ததுலேர்ந்து அது பாத்த முகமெல்லாம் புடைச்ச முகம். அதனால குழி முகத்தை ஒத்துக்கவே மாட்டேங்குது. ரிச்சர்ட் கிரிகரின்னு ஒரு இங்கிலாந்து உளவியலாளர் சாப்ளின் முகமூடியைச் சுத்தவிட்டுக் காட்டுவார். உள்பக்கம் திரும்பினதும் அதுவும் வெளிமுகமாத்தான் தெரியும். விஷயம் தெரிஞ்சவங்களுக்கும் அப்படித்தான்.

கூடத் திரும்புறதுக்குக் காரணம் சொல்றேன். நீங்க வலப்பக்கம் நகர்ந்தா அச்சோட இடப்பக்க உள்சுவர் அதிகமாத் தெரியும். புடைச்ச முகத்துல அந்தக் கன்னம் அதிகம் தெரியணும்னா முகம் வலப்பக்கம் திரும்பியிருக்கணும். மூளை அப்படித்தான் கணக்குப் போடுது. கிட்டப் போனா ரெண்டு கண்ணுக்கும் விழுற படம் ரொம்ப வித்தியாசப்படும், பள்ளம் மாட்டிக்கும். கேமராவுக்கு ஒத்தைக் கண்ணுதானே, அதான் விலை கேக்குறாங்க.

பாப்பா சொல்றதும் சரிதான். மேல டியூப்லைட்டா? வெளிச்சம் குழிக்குள்ள ஏறுமாறா விழும். புருவத்துக்கு அடி, மூக்குக்கு அடி, தாடைக்கு அடியெல்லாம் வெளுக்கும். அதைப் புடைச்ச முகமாப் பாத்தா, பேய்க்கதை சொல்றவன் தாடைக்குக் கீழ டார்ச் அடிச்ச மாதிரி இருக்கும். சிரிப்பு எங்க தெரியப்போகுது! அச்சுக்குக் கீழேர்ந்து டார்ச் அடிச்சுப் பாருங்க.

வடவாறு:
தாராசுரத்துல ஒரே தலையில காளையும் யானையும் செதுக்கியிருக்கே, அது மாறி மாறித் தெரியுது. இது மட்டும் ஏன் மாறல?

கண்ணாடிக்கடை, திருவாரூர்:
நல்ல கேள்வி சார். காளைக்கும் யானைக்கும் மூளை ஓரவஞ்சனை பண்றதில்ல, முகம்னா பண்ணும். அச்சைத் தலைகீழா மாட்டினா அந்தப் பிடி தளரும்.

முகமே இல்லாம வெளிச்சத்தை மட்டும் சோதிக்கணும்னா தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டை சாய்வெயில்ல போட்டோ எடுத்து, தலைகீழாத் திருப்பிப் பாருங்க. வெட்டின எழுத்து புடைச்ச எழுத்தாத் தெரியும். வெளிச்சம் எப்பவும் மேலேர்ந்துதான் வரும்னு மூளை எடுத்துக்குது. நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்ச மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988-ல நிழல் போட்ட வட்டங்களை வெச்சு இதைக் காட்டினார்.

இன்னொன்னு. 2009-ல வந்த ஒரு ஆய்வுல, ஸ்கிசோஃப்ரினியாங்கிற மனச்சிதைவு நோய் உள்ளவங்களுக்கு மத்தவங்களை விட அதிகமா குழி குழியாவே தெரிஞ்சிருக்கு. அதுக்காக வர்ற வாடிக்கையாளரையெல்லாம் நிக்கவெச்சு சோதிச்சிடாதீங்க அக்கா.

பொம்மைப்பட்டறை, கும்பகோணம்:
தம்பி, டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு. கன்னம் உருண்டு, உதடு சிரிச்சு, அப்படியே பொம்மை முகம்! சின்னவ டார்ச்சைக் கீழ வைக்கவே மாட்டேங்கிறா, பேட்டரி போச்சு. தலைகீழா மாட்டினதுல வாசல்லேர்ந்தே பள்ளம் தெரிஞ்சுது. ஆனா மாமியார் பாத்துட்டாங்க. அம்பாளைத் தலைகீழாத் தொங்கவிட்டதுக்கு இப்ப நான் பெரிய தெரு வரைக்கும் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்.