பச்சிளங்குழந்தை மருத்துவம் படிப்பவர்களை ஆராய்ச்சிப் பக்கம் இழுக்க வேண்டுமா?

நடுநிசி டூட்டி:
எங்கள் பிரிவில் பயிற்சியில் இருப்பவர்கள் ஆராய்ச்சியையும் தொழிலாக எடுக்க வேண்டும் என்று சீனியர் ஒருவர் சொன்னார். எனக்குச் சரியென்றே படுகிறது. 1940களில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனை வாரி வழங்கினார்கள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். சுமார் 10,000 குழந்தைகளுக்குப் பார்வை போனது. 1950களில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஆக்சிஜன்தான் காரணம் என்று உறுதியானது. (பிறகு அளவுக்கு மீறிக் குறைத்து, அதில் இறப்பு கூடியது. அது தனிக் கதை.)

பழைய தீசிஸ்:
வரலாறு சரி, வார்டுக்கு வாருங்கள். மூன்று வென்டிலேட்டர் குழந்தைகளோடு இரவைத் தள்ளுபவரிடம் ஆராய்ச்சி கேட்டால் என்ன கிடைக்கும்? பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி ஒப்பேற்றிய தீசிஸ்தான். என்னுடையதை என் வழிகாட்டிகூட முழுசாகப் படிக்கவில்லை.

நடுநிசி டூட்டி:
அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மேரி எலன் ஏவரி ஆராய்ச்சி ஃபெல்லோவாக இருந்தபோதுதானே, மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் (காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள்) போதவில்லை என்று 1959இல் ஜெரி மீடுடன் சேர்ந்து காட்டினார்?

பழைய தீசிஸ்:
ஃபெல்லோ! அதைத்தான் நானும் சொல்கிறேன். அவருக்கு அதுவே வேலை. நமக்கு அது டூட்டி முடிந்தபின் வரும் வேலை. அப்புறம், சர்ஃபாக்டன்ட்டை மருந்தாகக் கொடுத்தால் குழந்தைகளிடம் பலன் தருவதை ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா காட்டியது 1980இல். 21 வருஷம். மூன்று வருஷப் பயிற்சிக்குள் எதை முடிப்பது?

புள்ளிவிவரப் பித்தன்:
ஏன் ஒருவரே முடிக்க வேண்டும்? காஃபீன் ஆய்வைப் பாருங்கள். மூச்சு நின்று நின்று வரும் குழந்தைகளுக்குப் பல வருஷமாகக் கொடுத்துவந்த மருந்து அது. நீண்டகாலத்தில் என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியாது. பல நாடுகளில் சுமார் 2,000 குழந்தைகளைச் சேர்த்து, 18 மாதம் தாண்டியும் பின்தொடர்ந்தார்கள். முதல் முடிவுகள் 2006இல் வந்தன. ராத்திரியில் பெற்றோரிடம் பொறுமையாக விளக்கி ஒப்புதல் வாங்குபவர் இல்லாமல் அது நடக்குமா? ஆளுக்கொரு குட்டி தீசிஸை விட, இப்படி ஒரு பெரிய ஆய்வில் பயிற்சி மருத்துவரைச் சேர்ப்பது மேல்.

பழைய தீசிஸ்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலைக்கான தேர்வுக்குழு, நம் பெயர் முதலில் வந்த கட்டுரை எத்தனை என்றுதானே கேட்கிறது? ஒப்புதல் வாங்கியவர் பெயர் எங்கே வரும்?

நடுநிசி டூட்டி:
சரி, வாரத்தில் ஒரு நாள் வார்டிலிருந்து விடுவித்தால்?

பழைய தீசிஸ்:
ரோஸ்டரில் எழுதிக் காட்டுங்கள், நம்புகிறேன். காமாலைக்கு வைத்த விளக்கை நிறுத்திய பிறகு எத்தனை மணி நேரத்தில் ரத்தத்தில் பிலிருபினை (காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பொருள்) மறுபடி பார்ப்பது என்பதில் எங்கள் வார்டில் ஆளுக்கொரு கணக்கு. அந்தக் கேள்வி மூன்று வருஷமாக என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது.