தேவனாம்பட்டினத்தில் என் தூண்டில் நரம்பை அறுப்பது கொடுவா மீனா, சீலா மீனா?

அண்ணன்மார்களே, ஒரு உதவி. கெடிலம் கடலில் சேரும் இடத்தில், நீர் ஏறும் நேரமாகப் பார்த்து உயிர் மடவை மீனை இரையாகக் கோத்துத் தூண்டில் போடுகிறேன். மூன்று வாரமாக இதே கதைதான்: பட்டென்று ஒரு இழுப்பு, அப்புறம் நரம்பு லேசாகிவிடுகிறது. சீலா கடித்தால் கத்தியால் நறுக்கியது போல இருக்கும். எனக்கு வரும் முனையோ பிசிறு பிசிறாக இருக்கிறது. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கூர்மையாச்சே, அதில் உரசியிருக்குமோ? ஒருமுறை தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியதையும் பார்த்தேன்.

இப்போது 20 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பை நேராகக் கொக்கியில் கட்டுகிறேன் (சிரிக்காதீர்கள்). கொக்கிக்கு முன்னால் 40 பவுண்டு நரம்பு இரண்டு முழம் போதுமா, கம்பியே கட்டணுமா? கம்பியைப் பார்த்தால் கொடுவா கிட்டவே வராது என்கிறார் பக்கத்தில் வலை வீசும் பெரியவர். கடலூர், புதுச்சேரி பக்கம் பிடித்தவர்கள் சொல்லுங்கள்.