ஸ்கேட்டிங் தளத்து ஐஸ் ஏன் ஒருநாள் கல்லாகவும் ஒருநாள் சொதசொதவெனவும் இருக்கிறது?

ஐஸ் பராமரிப்பில் இருப்பவர்:
ரொறன்ரோ பக்கத்து கொமியூனிட்டி சென்டர்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மெஷின் பழுதென்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அன்றைய அட்டவணைதான். ஹொக்கிக்கு ஐஸின் மேற்பரப்பு -5, -6 பாகை செல்சியஸில் இறுகி இருக்கவேணும். பாய்ந்து சுழன்று ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு -3, -4 போதும். அதைவிடக் குளிர்ந்தால் பாய்ந்து இறங்கும் இடத்தில் ஐஸ் சில்லுச் சில்லாகப் பெயரும். ஐஸுக்கு அடியில் கொங்கிரீட்டுக்குள் ஓடும் குளிர்ந்த உப்புக்கரைசல் குழாய்களால் இந்தக் குளிர்நிலையை நினைத்தவுடன் மாற்ற முடியாது, மணித்தியாலங்கள் எடுக்கும். அதனால் ஃபிகர் வகுப்புக்கு அடுத்த ஹொக்கிக்காரருக்கு ஐஸ் இளகி, சறுக்கும் வேகம் குறைந்ததாகத்தான் தெரியும்.

ஐஸின் தடிப்பு 1 முதல் 1½ அங்குலம். கூடினால் குளிர் மேலே வந்து சேராது, மின்சாரச் செலவும் ஏறும். ஐஸைச் சமன் செய்யும் வண்டியான ஸம்போனி முதலில் கத்தியால் மேற்பரப்பைச் சீவி, தூளை அள்ளி, பின்னால் தொங்கும் துணியால் சுடுநீரை மெல்லிசாகப் பரப்பும். 60 பாகைக்கு மேற்பட்ட நீர் கீறல்களின் விளிம்பை உருக்கிப் பழைய ஐஸோடு ஒட்டும். அதில் கரைந்த காற்றும் குறைவு, ஐஸ் தெளிவாக உறையும். அவசரத்தில் நீரைக் கூட விட்டாலோ, நீர் உறையும் முன்னர் ஆட்கள் இறங்கினாலோதான் அந்தச் சொதசொதப்பு. மெஷின் வெளியேறி கதவு பூட்டிய பிறகும் சில நிமிடம் பொறுங்கள், தயவுசெய்து.

ஸ்கேட்ஸ் தீட்டுபவர்:
மேலே சொன்னதோடு ஒன்று. புது ஸ்கேட்ஸ் பெரும்பாலும் தீட்டாமல்தான் விற்பனைக்கு வரும். அப்படியே இறங்கினால் கால் பக்கவாட்டில் வழுக்கும், பிள்ளைக்குச் சறுக்க வராது என்று முடிவுகட்டி விடுவார்கள். தீட்டும்போது ½ அங்குலக் குழிவு கேளுங்கள்; அது குழியின் ஆழமல்ல, கத்தியின் அடியில் தீட்டும் வளைவின் ஆரை. எண் சிறிதானால் குழி ஆழம், பிடிப்புக் கூடும், ஓட்டத்தை நிறுத்துவது கடினமாகும். பாரமான ஆளுக்கு ⅝ வசதி. அளவு, சப்பாத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை குறைவு. தடித்த காலுறை வேண்டாம். நாடாவை விரல்பக்கம் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் கட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் கத்தியைத் துடைத்து பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வையுங்கள், உறைக்குள் ஈரம் நின்றால் ஒரே இரவில் துரு ஏறும்.

அதே சென்டரில் ஜிம் பக்கம் பொறுப்பானவர்:
குளிர்காலத்தில் பனி உருகத் தெருவில் போடும் உப்பு ஒட்டிய சப்பாத்தோடு ஜிம்முக்குள் வராதீர்கள். மேப்பிள் பலகையின் பூச்சை அது அரத்தாள்போல உரசித் தின்னும். உள்ளுக்கு மட்டும் போடும் ஒரு சோடியைப் பையில் வையுங்கள். பாட்மின்டன் வலை கம்பங்களில் 1.55 மீற்றர், நடுவில் 1.524. நடு தொய்ந்திருந்தால் கயிற்றை இறுக்கிவிட்டு ஆடுங்கள்.

குளிரூட்டி அறை வேலை தெரிந்தவர்:
கன அரீனாக்களில், அதாவது ஐஸ் தள மண்டபங்களில், குளிரூட்டுவது அம்மோனியா என்ற நச்சு வாயு. 2017 ஒக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி அரீனாவில், குளிரூட்டியின் குழாயில் விழுந்த ஒரு சிறு ஓட்டை வழியே அம்மோனியா உப்புக்கரைசலுக்குள் கலந்து, பின் அறைக்குள் பரவி மூன்று பேர் இறந்தார்கள். அலாரம் அடித்தால், அல்லது மூக்கைப் பிய்க்கும் நெடி வந்தால், ஸ்கேட்ஸைக் கழற்ற நிற்காதீர்கள். ரப்பர் விரிப்பில் அதோடேயே நடக்கலாம். அருகிலுள்ள வாசலால் வெளியே போய், காற்று வரும் திசைப்பக்கம் கட்டடத்தை விட்டுத் தூரமாக நில்லுங்கள்.